பொரிக்கும் குட்டி அத்தனையும் உங்களிடமே நின்றுவிட்டால்?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் பக்கம் வீட்டில் பால் பைத்தான் (Ball Python, மிரண்டால் பந்து மாதிரிச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வளர்க்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் மூன்று பேர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "அண்ணா, ஆணும் இருக்கு, பெண்ணும் இருக்கு. இந்த வருஷம் சேர்த்து விடலாமா?" கோவை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பதில் சொல்லாமலே ஓடினேன். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். மூன்று பேருக்குச் சொல்வதைவிட எல்லோருக்கும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சேர்த்து விடலாமா என்பதற்கு முன்னால் நான் உங்களைக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பிறக்கிற குட்டிகளில் ஒன்றுகூட விலை போகவில்லை என்றால், அத்தனையையும் நீங்களே வைத்து வளர்ப்பீர்களா?

எனக்குப் பாம்பு கொடுத்தவர் அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ பொரிக்க வை, குட்டி முழுக்க நானே எடுத்துக்கிறேன்." அந்த நம்பிக்கையில்தான் 2024-ல் சேர்த்து விட்டேன். குட்டி வந்ததும் போன் போட்டேன். முதலில் அடுத்த மாதம் என்றார், பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார். இப்போது எங்கே பார்த்தாலும் பால் பைத்தான் குட்டி. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மூன்று மாதத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இந்தப் பாம்பு இருபது, முப்பது வருஷம் சாதாரணமாக வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் ஒரு பால் பைத்தான் 2020-ல் அறுபது வயதைத் தாண்டிய பிறகும் முட்டையிட்டது. அதுவும் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆண் துணையே இல்லாமல். நீங்கள் இன்று பொரிக்க வைக்கிற குட்டிக்கு, உங்களுக்குக் கல்யாணம் ஆகி உங்கள் பிள்ளை காலேஜ் போகிற வரைக்கும் ஒரு வீடு வேண்டும்.

கணக்கைச் சொல்கிறேன். ஒரு தடவை இட்டால் மூன்றிலிருந்து பதினொன்று வரை முட்டை வரும், ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு குட்டியையும் ஒரே பெட்டியில் போட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனி டப், தனி ஒளிவிடம், தனித் தண்ணீர்க் கிண்ணம், அடியில் சூடு தரும் ஹீட் மேட், சூடு அளவு மீறாமல் அதை அணைக்கும் தெர்மோஸ்டாட் வேண்டும். வாரம் ஒரு எலிக்குஞ்சு வீதம் மாதம் இருபத்தைந்து எலி. உயிரோடு வைத்தால் எலி நாற்றம், ஐஸ் வைத்தது என்றால் வீட்டு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜில் எலி வைக்க அம்மா சம்மதிப்பார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். எங்கள் வீட்டில் தனியாக ஒரு சின்ன ஃபிரீசர் வாங்கிய பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

அடுத்தது தாய்ப் பாம்பு. பெண் 1500 கிராமாவது இருக்க வேண்டும், வயது குறைந்தது மூன்று ஆகியிருக்க வேண்டும். வெறும் எடையைப் பார்க்காதீர்கள், கொழுத்த பாம்பும் 1500 காட்டும். முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் சதை உருண்டு திரண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். சூல் கொண்ட பிறகு பல பெண்கள் மாதக்கணக்கில் இரை எடுக்காது. முட்டையிட்டு முடித்ததும் மூன்றில் ஒரு பங்கு எடை போயிருக்கும். என்னுடையது முட்டையைச் சுற்றிய சுருளை விட்டுப் பிரிந்தபோது பக்கத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது, அரிசி எடுத்துவிட்ட சாக்குப் பை மாதிரி. பழைய எடைக்கு வர எட்டு மாதம் ஆனது. அடுத்த வருஷமே மறுபடியும் சேர்க்க நினைப்பவர்கள் அந்தத் தோலை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும்.

சில முட்டை உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. வயிற்றில் கட்டி தெரிகிறது என்று கையால் அழுத்தித் தள்ளிவிடாதீர்கள், உள்ளே கிழிந்துவிடும். பாம்பு பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நம் பக்கத்து டாக்டர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கைராசிக்காரர். "பாம்பு எனக்குத் தெரியாது தம்பி" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். யாரிடம் போவது, எத்தனை மணி நேரப் பயணம், ராத்திரியில் வண்டி கிடைக்குமா என்பதைப் பாம்பைச் சேர்ப்பதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊர் வெயில். என் முட்டைகளைக் கொன்றது அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முட்டைக்கு 31, 32 டிகிரி வேண்டும், அப்படியே 55 முதல் 60 நாள். புத்தகத்தில் படிப்பவர்களும் வெளிநாட்டு வீடியோ பார்ப்பவர்களும் சூடு குறைந்துவிடக் கூடாதே என்றுதான் பயப்படுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாயில் நிலைமை தலைகீழ். மார்ச் கடைசியில் முட்டை விழுந்தால் ஏப்ரல், மே முழுக்க அது பெட்டிக்குள் கிடக்கும். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விட்டார்களே, அதே வாரம் என் பெட்டியில் ஆறு நல்ல முட்டை இருந்தது. ஏழாவது முட்டை கரு இல்லாத மஞ்சள் கட்டி, அதை முன்பே எடுத்துவிட்டேன். நான் வாங்கிய இன்குபேட்டருக்கு, அதாவது அந்தப் பொரிப்புப் பெட்டிக்கு, சூடாக்க மட்டும்தான் தெரியும். அறையே 39-க்குப் போனபோது தெர்மோஸ்டாட் தன் வேலையைச் சரியாகச் செய்து ஹீட்டரை அணைத்துவிட்டது, ஆனாலும் பெட்டிக்குள் 36. நான் கோவையில் வேலையில் இருந்தேன். இரண்டு மதியம் அப்படியே கிடந்திருக்கிறது. சாயங்காலம் வந்து இருட்டில் போன் டார்ச்சை முட்டையில் வைத்துப் பார்த்தேன். முந்தின வாரம் சிவப்பு நூல் வலை போல ஓடிய நரம்புகள் மூன்று முட்டைகளில் மங்கிப் போயிருந்தன. பத்து நாளில் அவை பச்சை பூத்தன.

மீதி மூன்றும் ஐம்பத்தேழாம் நாள் கீறின. அந்தக் காட்சியை மறக்க முடியாது. முதலில் முட்டை காற்றுப் போன பந்து மாதிரிக் குழி விழும், பயப்பட வேண்டாம். பிறகு ஒரு காலையில் ஓட்டில் பிளேடு வைத்ததுபோல ஒரு கோடு, அதில் ஈரமாக ஒரு மூக்கு. ஒரு நாளுக்கு மேலும் அப்படியே மூக்கை நீட்டி மூச்சு விட்டுக்கொண்டு, மிச்ச மஞ்சள் கருவை உள்ளிழுத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வரும். இழுத்துவிடக் கூடாது. மூன்றில் ஒன்று வெளியே வந்தபோது வாலுக்கு மேலே முதுகெலும்பு இரண்டு இடத்தில் கோணலாக இருந்தது. அளவுக்கு மேல் சூடு பட்ட முட்டையில் அப்படி வரும். முதல் தோல் உரித்த பிறகு எலிக்குஞ்சு காட்டினேன், அது தலையை உள்ளே வைத்து உருண்டையாகச் சுருண்டது. சிறு குஞ்சு, பெருங்குஞ்சு, உயிரோடு, வெந்நீரில் சுடவைத்து, இருட்டுப் பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்து என்று எல்லாம் பார்த்தேன். வாயைத் திறந்து ஊட்டிவிடவும் கற்றுக்கொண்டேன். நாற்பதாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன.

ஆகவே, சேர்ப்பதற்கு முந்தின ஏப்ரலிலேயே பெட்டியைக் காலியாக ஓட்டிப் பாருங்கள். முட்டை இருக்கும் மட்டத்தில் இரண்டாவது தெர்மாமீட்டர் வையுங்கள், தெர்மோஸ்டாட் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு எவ்வளவு, கரண்ட் போய் மூன்று மணி நேரம் கழித்து எவ்வளவு என்று தினமும் எழுதுங்கள். 33 தாண்டினால் குளிர வைக்கவும் வழியுள்ள பெட்டி வேண்டும், அல்லது இன்வெர்ட்டரில் ஓடும் ஏசி அறை வேண்டும். இரண்டும் இல்லை என்றால் நம் ஊரில் முட்டை வைக்காதீர்கள்.

நிறத்துக்காக எந்த ஜோடியையும் சேர்த்துவிடாதீர்கள். ஸ்பைடர் மார்ஃப் என்கிற நிற வகை பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஜீன் உள்ள பாம்புக்குத் தலை ஆடும், சிலது இரையைக் குறி வைத்துக் கவ்வ முடியாமல் திருகிக்கொள்ளும். உள்காதில் பிறவியிலேயே வரும் கோளாறு அது, வளர்ப்பு முறையால் சரியாகாது. "லேசாத்தான் ஆடுது" என்று சொல்லி விற்பவரை நானும் பார்த்திருக்கிறேன். அதை மேலும் பெருக்குவது பாவம் என்றே நினைக்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மண்ணுளி, சாரை, நம் மலைப்பாம்பு எதையும் பிடித்து வளர்க்கக் கூடாது, 1972 வனவிலங்குச் சட்டம் காக்கிற உயிர்கள் அவை. வயலில் பார்த்தால் கேரள வனத்துறையின் சர்ப்பா செயலியில் சொல்லுங்கள். பால் பைத்தான் வெளிநாட்டுப் பாம்பு என்றாலும் வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி பிறந்தாலும் கை மாறினாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். உங்கள் தாய்ப் பாம்புக்கே பதிவு இல்லை என்றால் குட்டிகளை எந்தக் கணக்கில் காட்டுவீர்கள்? 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரே பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. காகிதம் இல்லாத மலிவுப் பாம்பு அப்படி மூச்சுத் திணறி வந்ததாகவும் இருக்கலாம். வளர்க்க முடியாமல் போனால் மலம்புழைப் பக்கம் காட்டில் விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். இந்தக் காட்டுக்கு அது தெரியாத உயிர், அது சுமந்து போகும் நோயும் நம் பாம்புகளுக்குப் புதிது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பேன். பெண் பாம்பின் எடை, பரிவேஷ் பதிவு, வீட்டில் மதியம் இரண்டு மணிச் சூட்டை ஒரு வாரம் குறித்த தாள், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். என் இரண்டு குட்டிகளையும் அவற்றின் டப்பையும் காட்டுகிறேன், அன்றைக்கு இரை நாள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து உங்கள் அண்ணன்