பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் கொல்லர்: விளையாட்டு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்புக் குழுவினருக்கும் சர்வர் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். உங்கள் இணைய விளையாட்டின் கடந்த பேட்சில், அதாவது புதுப்பிப்பில், மற்ற ஆட்டக்காரர்கள் தாக்க முடியாதபடி புதியவர்களுக்கு இருந்த பாதுகாப்பை 20ஆம் லெவலிலிருந்து 10ஆம் லெவலுக்குக் குறைத்தீர்கள். அதன் பிறகு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சாவும் நேரத்தோடும் இடத்தோடும் உங்கள் பதிவேட்டில் ஏறுகிறது. ஆகவே முன்கதையைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. ஆங்கிலத்தில் மூன்று முறை புகார் எழுதி, மூன்று முறையும் ஓர் எழுத்துகூட மாறாத அதே பதிலைப் பெற்றவன் நான். இந்த முறை எனக்குக் கோபம் பிழையில்லாமல் வரும் மொழியில் எழுதுகிறேன். மொழிபெயர்த்துக்கொள்ள உங்களுக்கு வழிகள் உண்டு.

கேட்பது ஒன்றுதான். திறந்தவெளி நிலங்களில், தன்னைவிடப் பத்து லெவலுக்கு மேல் தாழ்ந்திருக்கும் ஒருவரை, அவராக முதலில் கைநீட்டாதவரை, எவரும் தாக்க முடியாதபடி செய்யுங்கள்.

இதை எழுத வைத்தது ஆற்றுப்பாலம். என் அக்காள் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்த கையோடு, "மாமா, நீங்க ராத்திரி பகலா விளையாடுறீங்களே, அதுல என்னதான் இருக்குன்னு பாக்கணும்" என்று வந்து சேர்ந்தாள். வில்லாளியைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு வாரத்தில் 17ஆம் லெவலைத் தொட்டாள். அந்த லெவலில் எல்லோருக்கும் வரும் குவெஸ்ட், அதாவது பணி, அவளுக்கும் வந்தது: அக்கரைக் கிராமத்துக்கு மருந்துக் குப்பியை அரை மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். பாலத்தின் நடுவில் 60ஆம் லெவல் ஆட்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவளுடைய மொத்த உயிர்ப்புள்ளி 640. முதல் வாள்வீச்சில் திரையில் எழுந்த எண் 4,812.

விழுந்தாள், கல்லறைத் திடலில் எழுந்தாள். அந்தத் திடலைப் பாலத்திலிருந்து முப்பது அடி தொலைவில் வைத்தவர் உங்களில் யாரோ ஒருவர். எழும்போது உயிர் பாதிதான் இருக்கும், கவசம் ஒவ்வொரு சாவுக்கும் பத்திலொரு பங்கு தேயும் என்பவையும் உங்கள் விதிகளே. ஏழாவது சாவில் அவளுடைய கையுறைப் படம் மஞ்சளாக மாறியது. ஒன்பதாவதில் மார்புக்கவசமும் காலணியும் சிவந்தன. பத்தாவதில் எதுவுமே வேலை செய்யவில்லை. வெறும் சட்டையோடு நின்றாள். பழுதுபார்க்கும் கொல்லரிடம் போகலாம் என்று வரைபடத்தைத் திறந்தாள். கொல்லர் பாலத்துக்கு அக்கரையில் இருந்தார்.

மருந்து கெட்டுப்போனது. மூவரில் ஒருவர் அவள் உடல்மேல் ஏறி நின்று நடனமாடினார். "மாமா, நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளாக இந்த வகை விளையாட்டுகளை ஆடுகிறேன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

உதவிக்கு நானே போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். என்னுடையது, அடிபட்டவர்களுக்கு உயிரேற்றும் 60ஆம் லெவல் ஹீலர். ஆனால் ஒரே அடியில் விழுபவரைக் காப்பாற்ற ஹீலரால் ஆவது எதுவுமில்லை. மந்திரத்தைச் சொல்லி முடிக்க இரண்டு விநாடி ஆகும், அவள் சாக ஒரு விநாடிகூட ஆகவில்லை. சேர்ந்து ஆடும் எங்கள் குழுவான கில்டிலிருந்து நான்கு பேர் வந்ததும் அந்த மூவரும் சாவகாசமாகக் குதிரையேறிப் போனார்கள். நாங்கள் லாக்அவுட் செய்ததும் திரும்பி வந்தார்கள்.

மூன்று முறை நீங்கள் அனுப்பிய பதிலின் சாரம், "வீரர்களுக்கிடையேயான மோதல் எங்கள் உலகின் அங்கம், திறமையை வளர்த்துக்கொண்டு எதிர்கொள்ளுங்கள்" என்பது. திறமை என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். அவளும் திருப்பி எய்யாமல் இல்லை. பதினோரு அம்புகளில் ஒன்பதின்மேல் 'தவறியது' என்று எழுதி வந்தது. குறி தவறியதால் அல்ல. லெவல் வித்தியாசம் கூடக்கூடத் தாக்குதல் பலிக்கும் வாய்ப்பைக் குறைக்கும் கணக்கை நீங்களே எழுதி வைத்திருப்பதால். மீதி இரண்டு அம்புகள் பட்டன. ஒன்றுக்கு 11, இன்னொன்றுக்கு 14 புள்ளி சேதம். உலகிலேயே சிறந்த வில்லாளியின் விரல்கள் அந்த விசைப்பலகையில் இருந்திருந்தாலும் விடை மாறியிருக்காது. குத்துச்சண்டையிலும் மல்யுத்தத்திலும் எடை பார்த்துத்தான் மேடையேற்றுகிறார்கள். அதனால் அந்தப் போட்டிகளின் வீரம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

பிவிபியை, அதாவது ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதுவதை, ஒழித்துவிடச் சொல்கிறேன் என்று தயவுசெய்து திரித்துப் படிக்க வேண்டாம். ஒழித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டு 2007 டிசம்பரில் தன் வனாந்தரப் பகுதியிலிருந்து மோதலை எடுத்துவிட்டு, ஆட்டக்காரர்களின் கோபத்தை ஆண்டுக்கணக்கில் சுமந்து, 2011 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தது. அல்டிமா ஆன்லைன் 2000இல் உலகத்தையே இரண்டாகப் பிளந்து, ஒன்றில் மோதல், மற்றதில் அமைதி என்று வைத்ததைப் பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் சலித்துக்கொள்வார்கள். நான் கேட்பது அந்த இரண்டும் அல்ல. அதே ரூன்ஸ்கேப்பின் வனாந்தரத்தில் நெடுங்காலமாக இருந்த எளிய ஏற்பாட்டைப் பாருங்கள்: எல்லைக்கோட்டைத் தாண்டியதும் உங்களோடு போர்நிலையில் ஒரு படி வித்தியாசம் உள்ளவர் மட்டுமே உங்களைத் தாக்கலாம்; உள்ளே போகப்போக அந்த இடைவெளி விரியும். எவ்வளவு ஆபத்து வேண்டும் என்பதை நடப்பவரின் காலே முடிவுசெய்கிறது.

கடுமைக்குப் பேர்போன ஈவ் ஆன்லைனை உங்கள் ரசிகர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அந்த விண்வெளி விளையாட்டில் 2003 முதல் கப்பல் அழிந்தால் அழிந்ததுதான். அந்த ஈவில்கூடப் புதியவர்கள் தொடங்கும் விண்மண்டலங்களில் அவர்களை வேட்டையாடுவது விதிமீறல். நியூ வேர்ல்டு 2021இல் வெளிவருவதற்கு முன்பே, சோதனைக் கட்டத்தில் பலசாலிகள் கீழ் லெவல்காரர்களைக் கொல்வதையே பிழைப்பாக வைத்திருந்ததைப் பார்த்து, மோதலை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. கில்டு வார்ஸ் 2 தன் பிவிபி அரங்கில் எல்லோரையும் 80ஆம் லெவலாக்கி, ஆயுதம், கவசம் போன்ற கியரையும் சமப்படுத்திவிடுகிறது. நேற்றுச் சேர்ந்தவரும் பத்தாண்டு ஆடியவரும் அங்கே சரிசமமாக நிற்கலாம்.

"தாழ்ந்த லெவல்காரரைக் கொன்றால் மதிப்புப்புள்ளி கிடையாதே, பிறகு எதற்குக் கொல்லப் போகிறார்கள்" என்றும் உங்கள் பதிலில் ஒரு வரி இருந்தது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2005இல் மதிப்புப்புள்ளி முறையைக் கொண்டுவந்தபோதே தனக்கு மிகத் தாழ்ந்தவரைக் கொல்பவருக்கு ஒன்றும் தராமல் வைத்தது. அந்த விளையாட்டின் ஸ்ட்ராங்கிள்தார்ன் காட்டில் அதனால் ஒரு கொலையும் குறைந்ததாக அந்தக் காலத்தில் அங்கே நடந்த எவரும் சொல்லமாட்டார். புள்ளிக்காகக் கொல்பவர் புள்ளி இல்லாவிட்டால் போய்விடுவார். பொழுதுபோகாமல் கொல்பவர் போகமாட்டார்.

அந்தப் பொழுதுபோகாமையைப் பற்றி எனக்கும் தெரியும். இந்த விளையாட்டில் உச்ச லெவலை அடைந்த முதல் மாதத்தில் நானும் அதே பாலத்தில் நின்றிருக்கிறேன். அரீனா என்ற மோதல் அரங்குக்கு வரிசையில் காத்திருக்க இருபது நிமிடம். கூட்டாகப் போய்ப் பெரிய எதிரியை வீழ்த்தும் ரெய்டு வாரத்துக்கு ஒருமுறை. இடையில் செய்ய ஒன்றுமில்லை. நாலைந்து பேரை அடித்துப் போட்டேன். அவர்களில் எத்தனை பேர் அன்றோடு விளையாட்டை நிறுத்தினார்கள் என்று நான் அன்று யோசிக்கவில்லை. அந்த மூவரைத் தண்டியுங்கள் என்று நான் கேட்காததற்கு இதுதான் காரணம். அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. கோளாறு விதியில் இருக்கிறது. விதியை எழுதுபவர்கள் நீங்கள்.

இங்கே உங்கள் விற்பனைக் குழுவைப் பாராட்டாமல் போனால் நன்றிகெட்டவனாவேன். பாதுகாப்பை 10ஆம் லெவலுக்கு இறக்கிய அதே பேட்சில், ஒரு மணி நேரம் யாரும் தாக்க முடியாத 'அமைதிச் சுருள்' கடையில் விற்பனைக்கு வந்தது. நோயும் மருந்தும் ஒரே நாளில் ஒரே கதவு வழியாக வந்த அழகை வேறெங்கும் பார்த்ததில்லை. அடுத்ததாகக் கல்லறைத் திடலுக்கு நுழைவுக் கட்டணம் வைக்கலாம். கூட்டம் எப்போதும் இருக்கிறது. போகட்டும். கடையைப் பற்றிய மனத்தாங்கலைத் தனி மடலில் வைத்துக்கொள்கிறேன், வந்த வேலையை மறந்துவிடக் கூடாது.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பத்து லெவல் இடைவெளிக்கு மேல், தாழ்ந்தவர் முதலில் தாக்காதவரை, தாக்குதல் செல்லாது என்று ஆக்கித் தாருங்கள். தாழ்ந்தவரைத் தூண்டிலாக முன்னே அனுப்பி, உச்ச லெவல்காரர்கள் பின்னால் பதுங்குவார்கள் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. உச்ச லெவல் மோதலில் குறுக்கிட்டு ஹீல் செய்பவருக்கும் உதவுபவருக்கும் அந்தப் பாதுகாப்பு அக்கணமே நீங்கும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இதை எல்லா சர்வர்களிலும் உடனே செய்ய முடியாதென்றால் எங்கள் சர்வரில் மட்டுமாவது ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். அதுவும் முடியாதென்றால், குறைந்தபட்சம் அந்தக் கொல்லரை இக்கரைக்குக் கொண்டுவாருங்கள்.

அக்காள் மகளின் வில்லாளி அந்தக் கல்லறைத் திடலில் வெறும் சட்டையோடுதான் இன்னும் நிற்கிறாள். கணக்கை அழிக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். பாலத்தில் நடந்தவற்றின் திரைப்பதிவும், எங்கள் கில்டில் இதேபோல் அடிபட்டவர்களின் நேரக் குறிப்புகளும் என்னிடம் உள்ளன. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவித்தால் அன்றே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சர்வரில் மூன்றாண்டுகளாகச் சந்தா கட்டிவரும் ஒரு ஹீலர்