அச்சிட்ட விலைக்கு மேல் டிக்கெட்டை மறுவிற்பனை செய்ய விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய இசை நிகழ்ச்சி என்றால் விற்பனை தொடங்கிய சில நிமிடங்களிலேயே எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று திரையில் வருவதும், கொஞ்ச நேரத்தில் அதே டிக்கெட் மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு விலையில் வந்து நிற்பதும் இப்போது யாருக்கும் அதிர்ச்சியாகவே இல்லை. "கூட்டம் அதிகம், என்ன செய்ய முடியும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். இப்படி விட்டுவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் ரசிகருக்கு டிக்கெட் கிடைக்காமல் போவதற்கு அது மட்டுமே காரணம் இல்லை. நடுவில் ஒரு தொழில் நடக்கிறது, அந்தத் தொழிலுக்குக் கடை போட்டுக் கொடுத்து ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் முதலில் அவர்களைத்தான் பிடிக்க வேண்டும்.

இந்தத் தொழிலின் அளவு புரிய வேண்டுமானால் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2016 ஜனவரியில் வெளியிட்ட விசாரணை அறிக்கையைப் பார்க்கலாம். 2014 டிசம்பரில் யூ2 இசைக்குழுவின் ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் திறந்தபோது ஒரே ஒரு தரகர் ஒரு நிமிடத்துக்குள் 1,012 டிக்கெட்டுகளை வாங்கியிருக்கிறார். ஆளுக்கு நான்குதான் என்று அறிவித்திருந்த விற்பனை அது! அன்று முடிவதற்குள் அவரும் இன்னொரு தரகரும் சேர்ந்து அந்தக் குழுவின் வட அமெரிக்க நிகழ்ச்சிகளுக்கு 15,000-க்கும் மேல் சேர்த்துவிட்டார்கள். இது கையால் பட்டனை அழுத்தி நடக்கிற வேலை இல்லை. நூற்றுக்கணக்கான பெயர்களில் கணக்குகள், வேறு வேறு கார்டுகள், ஒவ்வொரு கணக்கும் வேறு வேறு இடத்திலிருந்து வருவதுபோல் காட்டும் இணைய முகவரிகள், இதையெல்லாம் ஒரே நேரத்தில் இயக்கும் பாட் மென்பொருள் என்று முழு ஏற்பாட்டோடு வருகிறார்கள். வீட்டில் ஒரு போனை வைத்துக்கொண்டு காத்திருப்பவர் இவர்களோடு எப்படிப் போட்டி போட முடியும்?

சரி, பாட்களைத் தடை செய்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. அதற்கென்றே 2016 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் முதல் நடவடிக்கை எடுக்க 2021 ஜனவரி வரை ஆனது. நியூயார்க்கைச் சேர்ந்த மூன்று தரகு நிறுவனங்கள் சிக்கின, அவை 1,50,000-க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளை வாங்கி விற்றதாகக் குற்றச்சாட்டு. அபராதம் 3.1 கோடி டாலருக்கு மேல் என்று முடிவாகி, கட்ட முடியாது என்பதால் சுமார் 37 லட்சம் டாலராகக் குறைந்தது. சட்டம் வந்து நான்கு ஆண்டுகள் கழித்து மூன்றே வழக்குகள். மென்பொருளைத் துரத்திப் பிடிப்பது அவ்வளவு கடினம். இன்று ஒன்றைத் தடுத்தால் நாளைக்கு வேறொன்று வரும், யார் இயக்கினார்கள் என்று நிரூபிப்பது அதைவிடப் பெரிய பாடு.

அதனால்தான் சொல்கிறேன், வாங்கும் இடத்தில் மட்டும் காவல் வைத்துப் பயனில்லை, விற்கும் இடத்தில் லாபத்தை இல்லாமல் செய்ய வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் விற்க முடியாது என்று ஆகிவிட்டால் ஆயிரம் டிக்கெட்டை வாங்கிக் குவித்து யாருக்கு என்ன லாபம்?

அயர்லாந்து 2021-இல் இதைத்தான் சட்டமாக்கியது. ஆயிரம் பேரும் அதற்கு மேலும் கொள்ளும் அரங்குகளைச் சட்டத்தின் கீழ் குறிப்பிட்டு அறிவிக்கலாம், அங்கே நடக்கும் நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்தால் ஒரு லட்சம் யூரோ வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டுகள் வரை சிறை. ஜப்பானில் 2019 ஜூன் முதல் இதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு ஓர் ஆண்டு வரை சிறை அல்லது பத்து லட்சம் யென் வரை அபராதம் என்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அசல் விலைக்கு மேல் பத்து சதவீதம் வரைதான் என்று வரம்பு வைத்திருக்கிறது. பிரிட்டன் பல ஆண்டுகள் இழுத்தடித்துவிட்டு, அசல் விலைக்கு மேல் விற்பதைத் தடை செய்யப் போவதாக 2025 நவம்பரில்தான் அறிவித்தது. இவ்வளவு நாடுகள் செய்யத் துணிந்த ஒன்றை "நடைமுறைக்கு ஒத்துவராது" என்று இன்னமும் யாராவது சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தனி ஆளைத் தேடிப் பிடிப்பது கடினம், ஆனால் அவர் விற்கிற தளம் எல்லாருக்கும் தெரிந்த தளம். விளம்பரம் செய்கிறது, பணம் வாங்குகிறது, வாங்குபவரிடமும் விற்பவரிடமும் கட்டணம் எடுக்கிறது. விலை ஏற ஏற அதன் பங்கும் ஏறும். அப்படியிருக்க "நாங்கள் வெறும் தளம்தான், விலையை நாங்கள் வைக்கவில்லை" என்று அவர்கள் சொல்வதை எப்படி நம்புவது? சில இடங்களில் முதல் விற்பனையையும் மறுவிற்பனையையும் ஒரே நிறுவனமே நடத்துகிறது, அது இன்னும் மோசம். முதல் விற்பனை, மறுவிற்பனை இரண்டையும் நடத்தும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 செப்டம்பரில் தொடுத்த வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டே இதுதான்: தரகர்கள் வரம்பை மீறி வாங்குவது தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்து, அதே டிக்கெட்டுகள் மறுபடி விற்கும்போதும் கட்டணம் வாங்கினார்கள் என்று. வழக்கு எப்படி முடிந்தாலும், ஒரே டிக்கெட்டில் இரண்டு முறை சம்பாதிக்க வழி இருக்கும்வரை அந்த நிறுவனத்துக்குத் தரகரைத் தடுக்க ஆர்வம் வராது. எனவே அசல் விலையைச் சரிபார்க்காமல் ஒரு டிக்கெட்டைப் பட்டியலில் ஏற்றினால் தளத்துக்கே அபராதம் என்று விதி இருக்க வேண்டும். இருக்கை எண், வரிசை, அசல் விலை இல்லாமல் எதையும் ஏற்றக் கூடாது. கையில் டிக்கெட்டே இல்லாமல், பிறகு எங்காவது வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே விற்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது, இந்த ஒரு விதியிலேயே அவர்கள் கதை முடிந்துவிடும்.

எதிர்வாதம் வரும், தெரியும். "நான் காசு கொடுத்து வாங்கியது, என் பொருள், என் விலை" என்பார்கள். டிக்கெட் அப்படிப்பட்ட பொருள் இல்லை. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட இருக்கையில் உட்கார்ந்து கேட்பதற்கான அனுமதி அது. பாடுகிறவர் தன் ரசிகர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று யோசித்து ஒரு விலை வைக்கிறார், மேடைக்கும் ஒலி அமைப்புக்கும் ஒத்திகைக்கும் ஒரு பைசா போடாத ஒருவர் நடுவில் புகுந்து அதைப் போல மூன்று மடங்கை எடுத்துக்கொள்கிறார். அந்தப் பணம் பாடகருக்கும் போகவில்லை, வாத்தியம் வாசித்தவர்களுக்கும் போகவில்லை. அந்த ரசிகர் அதே பணத்தில் இன்னும் இரண்டு நிகழ்ச்சிக்குப் போயிருப்பார், வளர்ந்து வருகிற சின்னக் கலைஞர்களுக்குப் போக வேண்டிய பணம் அது. இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொரு வாதத்தை நான் மதிக்கிறேன். தடை போட்டால் வியாபாரம் சமூக ஊடகங்களின் மூலை முடுக்குகளுக்குப் போய்விடும், அங்கே போலி டிக்கெட் கொடுத்து ஏமாற்றினால் கேட்க நாதி இல்லை என்பது அது. அந்த ஆபத்து உண்மை. உடம்பு சரியில்லாமல் போகிறவர்களும் வேலை வந்து மாட்டிக்கொள்கிறவர்களும் எப்போதும் இருப்பார்கள், அவர்களுக்கு நேர்மையான வழி இல்லையென்றால் அந்த மூலைகளுக்குத்தான் போவார்கள். அதனால் தடையோடு சேர்த்து, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும் வசதியும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இது கற்பனை இல்லை. பிரிட்டனின் கிளாஸ்டன்பரி விழாவில் புகைப்படத்தோடு முன்பதிவு செய்தவர்கள்தான் டிக்கெட் வாங்க முடியும், அதை வேறொருவருக்கு மாற்ற முடியாது, வர முடியாதவர்கள் குறிப்பிட்ட தேதிக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டால் விழாவே அதை மறுபடி விற்கிறது. 2023-இல் தி கியூர் குழுவும் தன் அமெரிக்கப் பயணத்தில் டிக்கெட்டைக் கைமாற்ற முடியாதபடி செய்து, அசல் விலைக்கே மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை வைத்தது. ஆனால் நியூயார்க், இலினாய், கொலராடோ போன்ற மாநிலங்களில் டிக்கெட்டைக் கைமாற்றும் உரிமையைச் சட்டமே பாதுகாப்பதால் அங்கே அந்தக் கட்டுப்பாடு செல்லவில்லை. கலைஞரே நல்லது செய்ய நினைத்தாலும் சட்டம் குறுக்கே நின்றால் என்ன செய்வார்?

அப்புறம் அமைப்பாளர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. நான் மேலே சொன்ன நியூயார்க் அறிக்கையிலேயே, பெரிய நிகழ்ச்சிகளில் சராசரியாக 46 சதவீத டிக்கெட்தான் பொதுமக்களுக்கு வந்தது என்று இருக்கிறது. மீதி எல்லாம் விளம்பரதாரர், கார்டு நிறுவனம், முன்விற்பனை, வேண்டியவர்கள் என்று முன்னாலேயே போய்விட்டது. பொது விற்பனைக்கு உண்மையில் எத்தனை வைத்திருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே வெளியிடச் சொல்லுங்கள். விலை விஷயமும் அப்படியே. 2024 ஆகஸ்டில் ஒயாசிஸ் குழுவின் டிக்கெட்டுக்கு மணிக்கணக்கில் இணைய வரிசையில் காத்திருந்தவர்கள் பலருக்கு, சுமார் 150 பவுண்டு என்று நினைத்துப் போன, நின்றபடி பார்க்கும் டிக்கெட் 355 பவுண்டுக்குத்தான் கிடைத்தது. விலையை முன்கூட்டியே சொல்லாமல் இப்படி விற்கிறவர்கள் கள்ளச் சந்தையைக் குறை சொல்ல முடியாது. எந்த விலை, எந்த இருக்கை, எத்தனை என்பது வரிசையில் நிற்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. விலை வரம்பு வைக்கும்போது சேவைக் கட்டணத்தையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் டிக்கெட்டை அசல் விலைக்கே விற்றதாகக் காட்டிவிட்டு, மிச்சத்தைக் கட்டணம் என்ற பெயரில் வாங்கிக்கொள்வார்கள். பிரிட்டன் அறிவிப்பில் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் தயவுசெய்து அந்த ஒரு வரியை விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
இசை நிகழ்ச்சிகளைத் தவறவிட மனமில்லாத ஒரு வாசகர்