டட்லி மார்க்கெட்டில் நிற்கிற பையன்

அன்புள்ள தம்பி,

வேலைக்குப் போகிற வழியில், இங்கிலாந்தில் நீ இருக்கிற டட்லி ஊரின் மார்க்கெட் பகுதியில் ஒரு கால்பந்து வீரரின் சிலை நிற்கிறது, டங்கன் எட்வர்ட்ஸ் என்று பெயர் போட்டிருக்கிறது, 21 வயதிலேயே போய்விட்டாராம் என்று போனில் சொன்னாய். "இத்தனை சின்ன வயசில் போனவருக்கு ஊர் நடுவில் சிலை வைக்கிற அளவுக்கு அப்படி என்னம்மா செய்திருப்பார்?" என்றும் கேட்டாய். அவசரத்தில் பதில் சொல்லித் தீர்கிற கேள்வி இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்த காலம் முழுக்க என் மனதில் இருந்த ஆட்டக்காரர் அவர். நீ அவருடைய ஊரிலேயே போய்க் குடியேறுவாய் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

1936 அக்டோபர் 1 அன்று டட்லியில் உட்சைட் என்ற இடத்தில் பிறந்தவர். அப்பா இரும்பு வேலை செய்தவர். பள்ளியில் பையன் நடனத்திலும் கெட்டி. இங்கிலாந்தின் நாட்டுப்புற நடனமான மோரிஸ் ஆட்டத்துக்குத் தேசிய விழாவில் ஆடத் தேர்வாகியிருந்தான். அதே சமயம் இங்கிலாந்துப் பள்ளி அணித் தேர்வுக்கும் அழைப்பு வந்தது. பந்தைத் தேர்ந்தெடுத்தான். காலை எங்கே வைக்க வேண்டும் என்பதை நடனம் கற்றுக்கொடுத்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். பெரிய உடம்புக்காரர்களுக்கு அது சுலபத்தில் வராது.

இதை நான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவள், தம்பி. பதின்மூன்று வயதிலேயே வாட்டசாட்டமாக வளர்ந்துவிடுகிற பையன் பந்தைக் கற்றுக்கொள்ள மாட்டான். தோளால் ஒரு இடி இடித்தால் எதிரி விழுந்துவிடுகிறான், அப்புறம் எதற்குக் கற்க வேண்டும்? பதினெட்டு வயதில் மற்றவர்களும் வளர்ந்து வந்த பிறகு அவன் ஆட்டம் காணாமல் போய்விடும். எட்வர்ட்ஸுக்கு உடம்பும் இருந்தது, பந்தும் சொன்னபடி கேட்டது. இரண்டு காலாலும் அடிப்பார், தலையால் முட்டுவார், நாற்பது கஜம் தாண்டி நிற்கிற ஆளின் காலில் பந்தைக் கொண்டுபோய் வைப்பார். பேருக்கு லெஃப்ட் ஹாஃப், அதாவது நடுவில் இடது பக்கம் ஆடுகிறவர். தேவைப்பட்டால் தடுப்பிலும் நிற்பார், முன்னால் போய் கோலும் போடுவார். கூடவே ஆடிய பாபி சார்ல்டன், பின்னாளில் உலகக் கோப்பையே வென்றவர், தன்னைச் சிறியவனாக உணரவைத்த ஒரே ஆட்டக்காரர் டங்கன்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் முதல் அணியில் அவர் இறங்கியது 1953 ஏப்ரலில், கார்டிஃப் சிட்டிக்கு எதிராக. வயது பதினாறரை. அந்த ஆட்டத்தில் 1-4 என்று தோற்றார்கள். இரண்டே ஆண்டுகளில், 1955 ஏப்ரலில், லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துச் சட்டை போட்டார். 7-2 வெற்றி. அன்று அவருக்கு வயது 18 வருடம் 183 நாள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவ்வளவு சின்ன வயதில் இங்கிலாந்துக்கு ஆடியவர் வேறு யாரும் இல்லை. 1998இல் மைக்கேல் ஓவன் வந்துதான் அதை உடைத்தார். யுனைடெட்டுக்கு 177 ஆட்டம், இங்கிலாந்துக்கு 18 ஆட்டம். 1956லும் 1957லும் லீக் பட்டம். நடுவில் கட்டாய ராணுவ சேவை வேறு. இதெல்லாம் 21 வயதுக்குள். "அப்படி என்ன செய்தார்" என்று கேட்டாயே, கணக்காகக் கேட்டால் இதுதான் கணக்கு.

ஆனால் சிலை கணக்குக்காக வைத்தது இல்லை என்பது என் எண்ணம்.

1958 பிப்ரவரி 1 அன்று லண்டனில் ஆர்சனல் அணியை 5-4 என்று ஜெயித்தார்கள். அதில் அவரும் ஒரு கோல் போட்டார். பிப்ரவரி 5 அன்று பெல்கிரேடில் ரெட் ஸ்டார் அணியுடன் 3-3 டிரா செய்து, ஐரோப்பியக் கோப்பை அரையிறுதிக்குப் போனார்கள். மறுநாள் திரும்பும் வழியில் எரிபொருளுக்காக மியூனிக்கில் விமானம் இறங்கியது. ஓடுபாதையில் பனிச்சேறு. இரண்டு முறை கிளம்பப் பார்த்து நிறுத்தினார்கள். மூன்றாவது முயற்சியில் விமானம் மேலே எழும்பவே இல்லை. 23 பேர் இறந்தார்கள், அதில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். எட்வர்ட்ஸ் உடனே இறக்கவில்லை. கால் எலும்பு நொறுங்கி, சிறுநீரகம் கெட்டு, பதினைந்து நாள் மருத்துவமனையில் போராடினார். பார்க்க வந்த துணை மேனேஜர் ஜிம்மி மர்ஃபியிடம், வுல்வ்ஸ் அணியுடன் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டாராம். பிப்ரவரி 21 அன்று போய்விட்டார்.

இனி அவருடைய அம்மாவைப் பற்றி. எனக்கு இந்தக் கதையில் முக்கியமானவர் அவர்தான்.

சாரா ஆன் எட்வர்ட்ஸ். அவருக்கு டங்கனுக்கு அப்புறம் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. கரோல் ஆன் என்று பெயர். 1947இல், பதினான்கே வாரத்தில் அது போய்விட்டது. மிச்சம் இருந்த ஒரே பிள்ளையும் பதினோரு வருடம் கழித்து இப்படிப் போனான். டட்லி கல்லறைத் தோட்டத்தில் தங்கச்சிக்குப் பக்கத்தில்தான் அண்ணனையும் வைத்திருக்கிறார்கள். இறுதி ஊர்வலத்துக்கு ஐயாயிரம் பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள். அப்பா பின்னாளில் அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே தோட்டக்காரராக வேலை பார்த்தார். இதை முதலில் படித்தபோது அன்று முழுக்க எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

1961இல் அந்த ஊர் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் டங்கனின் உருவத்தை வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் வைத்தார்கள். யுனைடெட் மேனேஜர் மேட் பஸ்பி வந்து திறந்து வைத்தார். சிலைக்கு மட்டும் நாற்பத்தொரு வருடம் ஆனது. 1999 அக்டோபரில்தான் நீ பார்க்கிற அந்த வெண்கலச் சிலை வந்தது. செய்தவர் ஜேம்ஸ் பட்லர் என்ற சிற்பி. திறந்து வைத்தது யார் தெரியுமா? அதே அம்மாவும், பாபி சார்ல்டனும்.

கொஞ்சம் நினைத்துப் பார், தம்பி. சார்ல்டன் அதே விமானத்தில் இருந்து பிழைத்தவர். 1999இல் அவருக்கு 62 வயது, நரைத்த மனிதர். பக்கத்தில் தள்ளாத வயதில் அந்த அம்மா. திரை விலகினால் எதிரே நிற்பது 21 வயதுப் பையன். சார்ல்டனைவிட ஒரு வயது மூத்தவன் அவன். நாற்பத்தொரு வருடமாக ஒரு தாய் மனதுக்குள் வைத்திருந்த உருவத்தை ஊர் வெளியே எடுத்து, நடுச்சந்தையில் நிறுத்தி, "இவன் எங்கள் பிள்ளையும்தான்" என்று சொல்லியிருக்கிறது. அதை அவர் உயிரோடு இருக்கும்போதே செய்தார்களே, அதற்காக அந்த ஊருக்கு நான் நன்றி சொல்வேன். 2003இல் அந்த அம்மாவும் காலமானார். இன்னும் நாலு வருடம் தள்ளிப் போட்டிருந்தால் அந்தச் சிலைக்குப் பாதி அர்த்தம்கூட இருந்திருக்காது.

மான்செஸ்டரில் நினைவுச் சின்னம் இல்லையா என்று நீ கேட்கலாம். இருக்கிறது. யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் மியூனிக் கடிகாரம் இருக்கிறது, இறந்தவர்கள் பெயர்ப் பலகை இருக்கிறது. அவையெல்லாம் வேண்டும். ஆனால் அங்கே அவர் எட்டுப் பேரில் ஒருவர். மைதான வாசலில் சிலை வைத்தால், பார்க்க வருபவர்கள் டிக்கெட் வாங்கிய ரசிகர்கள். மார்க்கெட்டில் வைத்தால் முட்டைகோஸ் வாங்க வந்த கிழவியும் பார்ப்பாள், கால்பந்து என்றாலே பிடிக்காத பெண்ணும் பார்ப்பாள், வேலைக்கு ஓடுகிற நீயும் பார்த்தாய். யாரென்று தெரியாத நீ என்னிடம் கேட்டாயே, சிலையின் வேலை அதுதான். ஸ்காட்லாந்தில் ஜிம் பேக்ஸ்டர் என்ற கால்பந்து வீரருக்கு அவர் பிறந்த ஹில் ஆஃப் பீத் என்ற சுரங்கக் கிராமத்திலேயே 2003இல் சிலை வைத்ததும் இதனால்தான் எனக்குப் பிடிக்கும். கிளப்புக்கு ஆடுகிறவன் கிளப் மாறுவான், பிறந்த ஊரை மாற்ற முடியாது.

சிலைக்குக் கொட்டுகிற பணத்தில் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் போடலாமே என்று சொல்வார்கள். பி.டி. டீச்சராக எனக்கு அந்தப் பேச்சில் மரியாதை உண்டு. பந்து இல்லாமல், கோல் கம்பம் இல்லாமல் பிள்ளைகளை ஆட வைத்தவள் நான். டட்லிக்காரர்கள் இரண்டையும் செய்தார்கள். 2006இல் அவர் சிறுவனாக ஆடிய ப்ரயரி பூங்காவில், அவர் நினைவாக, ஒரு லட்சம் பவுண்டு செலவில் விளையாட்டு வசதி திறந்தார்கள். 2008இல் புறவழிச்சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். இரண்டில் ஒன்று போதும் என்று என்னைக் கேட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மைதானம் இருந்தால் பிள்ளை ஆடுவான். யாரைப் போல ஆட ஆசைப்படுவது என்பதை அவனுக்கு யாராவது காட்ட வேண்டும் இல்லையா?

1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பை வென்றபோது அவர் இருந்திருந்தால் 29 வயது. ஆட்டக்காரனுக்கு உச்ச வயது. அப்படி இருந்திருந்தால் கோப்பையை வாங்கியிருக்கும் கை அன்றைய அணித் தலைவர் பாபி மூருடையதா, இவருடையதா என்று இன்றும் அங்கே பேசுவார்கள். மூர் அருமையான ஆட்டக்காரர், அந்த ஒப்பீட்டுக்குள் நான் போகவில்லை.

சரி, எனக்காக ஒன்று செய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரமில்லாமல் போய்ச் சிலையைச் சுற்றி வந்து பார். இரண்டு காலாலும் அடித்தவரை எந்தக் காலால் அடிக்க வைத்திருக்கிறார் சிற்பி என்று பார்த்துச் சொல். அப்புறம் கல்லறைக்கும் போ. கல்லில் த்ரோ-இன் எடுக்கிற மாதிரி, பந்தைக் கையால் தலைக்கு மேல் தூக்கி எறிகிற மாதிரி, அவர் உருவம் இருக்கும். யுனைடெட் ரசிகர்கள் வந்து கழுத்துத் துண்டு, பூ எல்லாம் வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே நீயும் கொஞ்சம் பூ வை. தங்கச்சிக்கும் சேர்த்து வை, அந்தக் குழந்தையைக் கேட்க யாரும் வருவதில்லை. தேவாலயத்தில் ஆள் இருந்தால் அனுமதி கேட்டு அந்த ஜன்னல்களைப் படம் எடு. வெயில் அடிக்கிற நேரமாகப் பார்த்துப் போனால் நிறம் நன்றாக விழும். படங்களை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு, அப்பாவின் போனுக்கு வேண்டாம், அதில் இடம் இல்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா