அம்பாசிடருக்கு எந்த இன்ஜின்?

புதுச்சேரி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். நேராக உன் மார்க் 4 அம்பாசிடர் விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜினை மாற்றலாமா, மாற்றினால் எதைப் போடலாம் என்று கேட்டிருந்தாய்.

பழைய 1489 சிசி இன்ஜினைத் தூக்கிப் போடுவதற்கு முன், ஹெட்டைத் திறந்து பிஸ்டன் தலையைத் துடைத்துப் பார். சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் (பெரிய அளவு) பிஸ்டன் போட்டிருந்தால் 020, 030, 040 என்று பொறித்திருக்கும்; அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு பெரிசு என்ற கணக்கு. 040 வந்துவிட்டதென்றால் ஸ்லீவ்தான் (சிலிண்டருக்குள் செருகும் புதுக் குழாய்) போடவேண்டும். அதற்குக் கீழே என்றால் இன்னொரு தரம் கடைந்து போர் செய்யத் தாங்கும். ஆயில் ஒழுகுகிறது என்பதற்காக மட்டும் மாற்றாதே. அந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் ஆயில் சீலே கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரை மட்டும்தான். பிறந்ததிலிருந்தே கசியும் ஜாதி அது.

மாற்றுவதென்றால் என் ஓட்டு இசுசு 1.8 பெட்ரோலுக்கு. 1817 சிசி, 75 குதிரைத்திறன், அம்பாசிடரிலேயே கம்பெனி மாட்டி விற்றது. இசுசு டீசல் வேண்டாம். கனம் கூடி முன்பக்கம் உட்காரும், முன்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரை ஏற்றவேண்டி வரும். டீசலில் காற்றை இழுக்கும் மேனிஃபோல்டில் வேக்குவம் இல்லாததால் பிரேக் பூஸ்டருக்குத் தனி பம்ப் தேடவேண்டும். ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றம் வேறு. புது வண்டி எம்பிஎஃப்ஐ இன்ஜின் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெட்ரோல் பீய்ச்சுவது) போடலாம் என்று உன் மெக்கானிக் ஆசை காட்டுவார். டேங்கில் 3 பார் பம்ப், ரிட்டர்ன் லைன், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ, அந்த ஒயரிங் கட்டு முழுக்க என்று வேலை நீளும். உங்கள் கடலூர் உப்புக் காற்றில் கனெக்டர்கள் பச்சை பூத்தபின் கோளாறைத் தேடுவது யார்?

இன்ஜினை மட்டும் வாங்காதே. இதுதான் முக்கியம். இசுசுவின் பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடு) உன் பழைய கியர் பாக்ஸோடு சேராது. அடாப்டர் பிளேட் வெட்டித் தருகிறேன் என்று லேத்தில் சொல்வார்கள்; சென்டர் ஒரு மயிரிழை விலகினாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங் போய்விடும். ஒரே வண்டியிலிருந்து இன்ஜின், 5 கியர் பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், மவுண்டிங், ரேடியேட்டர், சைலன்சர் முன்குழாய், ஸ்பீடோ கேபிள் எல்லாம் செட்டாக எடு. ஸ்டீயரிங்கில் இருக்கும் ஹேண்ட் கியர் போய் ஃப்ளோர் கியர் வரும்; தரையில் லீவருக்கு வெட்டவேண்டும். மவுண்டிங் உட்காரும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார். துரு உதிர்ந்தால் முதலில் டிங்கரிங், பிறகு இன்ஜின்.

வாங்குமுன் நாலு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து செல்ஃப் அடித்து கம்ப்ரெஷன் பார். நாலும் 120 பிஎஸ்ஐக்கு மேல், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும். குறைகிற சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அப்புறம், ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி முன் புல்லியைக் கவனி. கண்ணுக்குத் தெரிய முன்னே நகர்ந்தால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது, விலை பேசாமல் வந்துவிடு.

காகிதம் இல்லாமல் சென்னை புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதென்று போகாதே. இன்ஜின் எந்த வண்டியுடையது, அந்த ஆர்.சி. என்ன ஆனது என்று தெரியவேண்டும், பில்லில் இன்ஜின் நம்பர் இருக்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி முதலில் கடலூர் ஆர்.டி.ஓ.விடம் அனுமதி, மாட்டிய 14 நாளுக்குள் தகவல், ஆர்.சி.யில் புது நம்பர். இல்லாவிட்டால் ஐந்து வருஷத்துக்கொரு தரம் ரெனியூவல் வரும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பொறித்த நம்பர் மேல் காகிதம் வைத்து பென்சில் பிரிண்ட் எடுத்ததுமே மாட்டிக்கொள்வாய். இன்ஷூரன்ஸ்காரரும் கைவிரிப்பார்.

ஒன்று விட்டுப்போனது. இருபது குதிரைக்கு மேல் கூடுகிறது, முன் டிரம் பிரேக்கை நம்பாதே. பிற்கால அம்பாசிடரின் டிஸ்க் செட்டும் பூஸ்டரும் சேர்த்தே தேடு. வண்டி கண்ணில் பட்டால் இன்ஜின் நம்பரும் கம்ப்ரெஷன் அளவுகளும் எழுதி அனுப்பு. அதற்குப்பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.

அன்புடன்,
உன் நண்பன்