உனக்கு யார் வாக்களிப்பார்கள்?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பாட்டுப் போட்டியின் ஆடிஷனுக்குப் பெயர் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாய். சொன்ன கையோடு, "மெல்பர்னில் எனக்கு யாரப்பா வாக்களிப்பார்கள்?" என்றும் கேட்டாய். தொலைபேசியில் அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். எனக்கு மனம் ஆறவில்லை.

பார்வையாளர்கள் வாக்களித்து வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்த 'சிங்கப்பூர் ஐடல்' பாட்டுப் போட்டி தொலைக்காட்சியில் நடந்த காலத்தில் நீ சின்னப் பெண். 2004, 2006, 2009 என்று மூன்றே சீசன்கள். சேனல் 5இல் குர்மித் சிங் தொகுத்து வழங்குவார். டிக் லீ நடுவராக இருப்பார். முதலில் தவுஃபிக் பத்திசா வென்றார், அடுத்து ஹாடி மிர்சா, மூன்றாவதாக செசைரி. மூவரும் மலாய்ச் சமூகத்துப் பிள்ளைகள். இந்த நாட்டில் மலாய்க்காரர்கள் ஏறக்குறைய ஏழில் ஒருவர்தான்.

இனம் பார்த்துக் குறுந்தகவல் அனுப்பினார்கள் என்று என் காதுபடவே சிலர் சொன்னார்கள். நான் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. 2004 இறுதிச் சுற்றில் விழுந்த வாக்குகள் சுமார் 11 லட்சம். அதில் 62 விழுக்காடு தவுஃபிக்குக்கு. ஒருவரே பலமுறை வாக்களித்திருப்பார்கள் என்றாலும், ஒரே சமூகம் மட்டும் கூடி இழுத்த தேராக எனக்கு அது தெரியவில்லை. நம் புளோக்கில் எதிர்வீட்டுச் சீன அம்மா நினைவிருக்கிறதா? அவருடைய பெண்கள் இருவரும், இறுதிச் சுற்றில் தவுஃபிக்கை எதிர்த்துப் பாடிய சில்வெஸ்டர் சிம் என்றால் உயிரை விடுவார்கள். அந்த அம்மாவோ தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் தவுஃபிக்கின் வாக்கு எண்ணைப் பெரிதாக எழுதித் தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார். "அந்தப் பையன் பாடினால் காதுக்கு இதமாக இருக்கிறது" என்று மட்டும் காரணம் சொன்னார். முடிவு அறிவித்தபோது தாழ்வாரம் முழுக்கக் கதவுகள் திறந்தன. எந்த வீட்டிலிருந்து அதிகச் சத்தம் வந்தது என்று சொல்லவே முடியவில்லை.

அதைவிடப் பெரியது 2007 டிசம்பரில் ஜகார்த்தாவில் நடந்த 'ஏஷியன் ஐடல்'. இந்தோனேசியா, இந்தியா, மலேசியா, பிலிப்பீன்ஸ், வியட்நாம், சிங்கப்பூர் என ஆறு நாட்டு வெற்றியாளர்கள் ஒரே மேடையில். தலைகளை எண்ணினால் நமக்கு அங்கே இடமே கிடையாது. ஆனால் வாக்களிப்பவர் ஒருவரை அல்ல, இருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். முதல் பெயர் சொந்த நாட்டுக்காரருக்குப் போகும், அது இயல்பு. இரண்டாவது பெயரை எழுதும்போதுதான் மனிதன் உண்மையில் பாட்டைக் கேட்கிறான். அம்மா தன் இரண்டாவது வாக்கை மலேசியாவின் ஜாக்லின் விக்டருக்குக் கொடுத்தாள். என்ன குரல் அந்தப் பெண்ணுக்கு! கடைசியில் ஹாடி வென்றார். ஆறு நாடுகளில் மிகச் சிறிய நாட்டுப் பையன், முன்பின் தெரியாதவர்களின் இரண்டாவது வாக்குகளால்தான் ஜெயித்தார் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

உனக்கும் அந்த வாக்கு கிடைக்கும். உன் குரலில் அதற்கான சரக்கு இருக்கிறது. பெற்றவன் என்பதற்காகச் சொல்லவில்லை. இங்குள்ள தமிழ்த் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியான வசந்தம் ஸ்டாரில் 2005இல் வென்ற ஷபீரைப் பார். தமிழ்ப் போட்டி, சின்ன வட்டம் என்றார்கள். ஏழே ஆண்டுகளில், 2012இல், இந்த நாட்டைப் பற்றியே ஒரு தமிழ்ப் பாட்டுக்கு இசையமைத்தார். நீயும் அதைப் பாடியிருக்கிறாய்.

பாட்டுத் தேர்வில் மட்டும் என் பேச்சைக் கேள். உச்ச ஸ்தாயியில் முடியும் பாட்டு வேண்டாம். எல்லோரும் அதைத்தான் பாடுவார்கள், உனக்கும் அங்கே குரல் மெலிந்துவிடுகிறது. கீழ் ஸ்தாயியில் உன் குரலுக்கு ஒரு கனம் உண்டு; அது முதல் நான்கு வரிக்குள் வெளிப்பட வேண்டும். ஆங்கிலப் பாட்டானாலும் சொற்களை விழுங்காதே. இரண்டு பாட்டுகளைப் பாடிப் பதிவுசெய்து எனக்கு அனுப்பு, கேட்டுச் சொல்கிறேன். தேதி உறுதியானதும் உடனே தெரிவி. அம்மா விடுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், டிக்கெட்டும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா