எதற்குத் தயாராவது என்று முதலில் சொல்லுங்கள்: வேலைவாய்ப்பு முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வேலைவாய்ப்பு முகாம்களை நடத்தும் அதிகாரிகளுக்கும், கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவினருக்கும், என்னைப் போல ஸ்டாலில் மேசை போட்டு ஆள் எடுக்க உட்காருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

போன முகாமில் மாலை நாலரை மணி இருக்கும். கூட்டம் குறையத் தொடங்கிய நேரம். ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். கையில் தடிமனான ஃபைல். பள்ளிச் சான்றிதழில் தொடங்கி எல்லாம் ஒவ்வொரு உறைக்குள் ஒழுங்காக அடுக்கியிருந்தார். "எந்த வேலைக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டேன். எனக்குப் பின்னால் தொங்கிய பேனரை நிமிர்ந்து பார்த்தார். அதில் எங்கள் நிறுவனத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது. "எந்த வேலைன்னாலும் பரவாயில்லை சார்" என்றார்.

அன்று அதே பதிலைப் பல பேர் சொல்லிவிட்டிருந்தார்கள். பக்கத்து ஸ்டால்காரர் என் பக்கம் சாய்ந்து, "தயாராகவே வர மாட்டேங்கிறாங்க" என்றார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர் எதற்குத் தயாராகி வந்திருக்க முடியும்? முகாம் அறிவிப்பை எடுத்துப் பார்த்தேன். நாள், நேரம், இடம். 'முன்னணி நிறுவனங்கள் பங்கேற்கின்றன' என்று ஒரு வரி. எந்த நிறுவனம், என்ன வேலை, எத்தனை பேர் தேவை என்று ஒன்றும் இல்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது கிடங்குக் கணக்குப் பார்க்க நாலு பேர். அது எங்கள் நிறுவனத்தில் இருப்பவர்களைத் தாண்டிப் பெரும்பாலும் யாருக்கும் தெரியாத விஷயமாகவே கடைசி வரை இருந்தது.

அதனால் இந்த மடலில் நான் முதலில் கேட்பது இதுதான். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே காலியிடப் பட்டியலை வெளியிடுங்கள். நிறுவனத்தின் பெயர், வேலை, காலியிடங்களின் எண்ணிக்கை, கேட்கும் படிப்பு, ஃபிரெஷர் போதுமா அனுபவம் வேண்டுமா, வேலை பார்க்கும் இடம், ஷிஃப்ட், சம்பளம் எதிலிருந்து எதுவரை. கூடவே, அங்கேயே நேர்காணல் நடக்குமா, ரெஸ்யூமே மட்டும் வாங்கி வைப்பார்களா என்பதையும் சொல்லுங்கள். இந்தக் கடைசி விவரத்தை யாரும் சொல்வதில்லை. நாள் முழுக்க நின்றவருக்கு அதுதான் முக்கியம். இதைக் கொடுக்காத நிறுவனத்துக்கு ஸ்டால் இல்லை என்று நீங்கள் சொன்னால் நாங்கள் கொடுத்துவிடுவோம். அரை மணி நேர வேலைகூடக் கிடையாது.

வரிசையில் நிற்பதன் வலி எனக்குத் தெரியும். படிப்பு முடித்த வருடம் ஒரு முகாமுக்குப் போனேன். எந்த வரிசை நீளமோ அதுதான் நல்ல கம்பெனி என்று நினைத்து அதில் நின்றேன். காலை பத்து மணிக்கு நின்றவன் மேசையைத் தொட்டபோது ஒன்றரை. "எத்தனை வருஷ அனுபவம்?" "இப்பதான் முடிச்சேன் சார்." "நாங்க ஃபிரெஷர்ஸ் எடுக்கலையேப்பா." அவ்வளவுதான். மண்டபத்தின் மறு கோடியில் ஃபிரெஷர்களை மட்டுமே எடுத்த ஸ்டால் ஒன்று இருந்திருக்கிறது. திரும்பும்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று வாசலில் ஒரே ஒரு தாள் ஒட்டியிருந்தால் போதும், எனக்கு அந்த மூன்றரை மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மணி முதல் ஐந்து மணி வரை முகாம், நடுவில் ஒரு மணி நேரம் இடைவேளை என்றால் ஒரு மேசைக்குக் கிடைப்பது 360 நிமிடம். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 72 பேர். அதற்கு மேல் வரிசையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் அந்த ஐந்து நிமிடம் மூன்றாகவும் இரண்டாகவும் சுருங்குகிறது. தகுதியே பொருந்தாதவர்கள் பாதிப் பேர் நின்றால், பொருந்துகிறவர்களின் நேரத்தைத்தான் நாம் தின்றுகொண்டிருக்கிறோம். பட்டியல் முன்பே கையில் இருந்தால் இந்தப் பாதி வரிசை தானாகவே வேறு மேசைகளுக்குப் பிரிந்துபோகும்.

பட்டியல் கிடைத்தால் வருகிறவர் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அதே முகாமில் காலையில் ஒரு பெண் வந்தார். எங்கள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் அவருடைய சீனியர் காலியிட விவரத்தை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் என்னிடம் கொடுத்த ரெஸ்யூமே ஒரே ஒரு தாள். அதில் முதல் பாதியிலேயே, படிக்கும்போது ஒரு மொத்த விற்பனைக் கடையில் இரண்டு மாதம் சரக்கு இருப்பு எழுதியதைப் போட்டிருந்தார். வேறு கம்பெனிக்கு வைத்திருந்த ரெஸ்யூமேயில் இந்த வரி கடைசியில் இருந்ததாம். அரை நிமிடத்தில் தன்னைப் பற்றிச் சொல்லி முடித்தார்: பெயர், என்ன படித்தேன், எதைச் செய்திருக்கிறேன், இந்த வேலை ஏன் எனக்குச் சரியாக இருக்கும். அப்புறம் என்னைக் கேட்டார்: "கணக்கில் இருக்கிற சரக்கும் கிடங்கில் இருக்கிற சரக்கும் ஒத்துப்போகலைன்னா இங்கே யார் முடிவு பண்ணுவாங்க சார்?" அந்தக் கேள்விக்குப் பிறகு நான் அவரைச் சோதிப்பதை விட்டுவிட்டு எங்கள் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கும் மாலையில் வந்த இளைஞருக்கும் அறிவில் வித்தியாசம் இருந்ததாக நான் நம்பவில்லை. ஒருவருக்கு ஒரு சீனியர் இருந்தார், இன்னொருவருக்கு இல்லை.

ஆகவே பட்டியலோடு ஒரு பயிற்சியும் வையுங்கள். முகாமுக்கு இரண்டு நாள் முன்பு, இரண்டு மணி நேரம் போதும். மேடைப் பேச்சாளர் வேண்டாம், ஊக்கமூட்டும் உரையும் வேண்டாம். பட்டியலைக் கையில் கொடுத்து, தங்களுக்குப் பொருந்தும் ஐந்தாறு நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் இணையத்தில் பத்து நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். ரெஸ்யூமேயை ஒரு பக்கத்துக்குள் கொண்டுவரவும், அந்தந்த வேலைக்கு ஏற்ற அனுபவத்தை மேலே ஏற்றவும் சொல்லிக்கொடுங்கள். பக்கத்தில் இருப்பவரை ஹெச்ஆராக வைத்து அரை நிமிட அறிமுகத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். மனதுக்குள் சரளமாக வருவது வாயைத் திறந்ததும் திக்கும். அது அங்கேயே திக்கித் தீரட்டும். இன்னொன்று, மிகவும் விரும்பும் நிறுவனத்துக்கு முதலில் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். விருப்ப வரிசையில் மூன்றாவதாக இருப்பதில் தொடங்கினால், குரல் நடுக்கம் அங்கேயே போய்விடும். ஆனால் மதியத்துக்கு மேல் தள்ளிப்போடவும் கூடாது, எங்களுக்கும் அலுப்புத் தட்டிவிடும்.

ஒரு விஷயத்தில் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். முகாமில் வேலை தேடி வருகிறவரிடம் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்பணம் என்று எந்தப் பெயரிலும் யாரும் காசு கேட்கக் கூடாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1997-ல் கொண்டுவந்த 181-ஆம் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. நுழைவாயிலில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: 'வேலைக்காக இங்கே யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.' புகார் சொல்ல ஒரு மேசையும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

என்னோடு மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முகாம் முடிந்த மறுநாள் நமக்கு மின்னஞ்சல் வரும். "நேற்று உங்கள் ஸ்டாலில் பேசினேன்" என்று எழுதியிருப்பார்கள். தயவுசெய்து பதில் போடுங்கள், இல்லை என்ற பதிலானாலும் சரி. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களைக் கேட்டபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6, அரிதாகப் பார்த்தவர்கள் 27.8. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், தள்ளி இருப்பவரிடமிருந்துதான் புதிய செய்தி வருகிறது என்பது அவர் சொன்ன காரணம். உறவிலும் நட்பிலும் இப்படி யாரும் இல்லாத ஒருவருக்கு, முகாமில் ஐந்து நிமிடம் பேசிய நாம்தான் அந்தத் தள்ளி இருக்கும் ஆள். "எங்களிடம் இப்போது இல்லை, இன்ன வேலைக்கு இன்ன மாதத்தில் ஆள் எடுப்போம்" என்று ஒரு வரி எழுத நமக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

முகாம் முடிந்ததும் எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்று செய்தி கொடுக்கிறீர்கள். மூன்று மாதம் கழித்து அதே நிறுவனங்களைக் கூப்பிட்டு, அறிவித்த காலியிடம் எத்தனை, வேலைக்குச் சேர்ந்தவர் எத்தனை பேர், இன்னும் நிலைத்திருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டு, அதையும் வெளியிடுங்கள். அடுத்த முகாமுக்கு எந்த நிறுவனத்தைக் கூப்பிடுவது, எதற்கு ஸ்டால் கொடுக்காமல் இருப்பது என்பதை அந்த எண்களை வைத்து நீங்களே தீர்மானிக்கலாம்.

எங்கள் நிறுவனத்தின் அடுத்த காலியிடப் பட்டியலை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். நீங்கள் கேட்கும் நாளில் அனுப்பிவைக்கிறேன். மாலையில் வந்த அந்த இளைஞரின் ரெஸ்யூமே இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. பட்டியலை முதலில் அவருக்குத்தான் அனுப்பப் போகிறேன்.

அன்புடன்,
மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்த ஒருவன்