வளையல் எண்ணுகிற வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "விஸ்காம் படிச்சுட்டு சீரியல் செட்டுல வளையலை எண்ணிக்கிட்டு நிக்கிறேன்ப்பா" என்றாய். குரல் கம்மியிருந்தது. அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் அப்போது ஒன்றும் பேசவில்லை. போனில் எது சொன்னாலும் 'சரிப்பா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கன்டின்யூட்டி எழுதுவது, அதாவது ஒரு ஷாட்டில் வளையல், புடவை எல்லாம் எப்படி இருந்தது என்று அடுத்த ஷாட்டுக்காகக் குறித்து வைப்பது, சின்ன வேலை என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் இருபது வருஷம் எடிட் ரூமில் உட்கார்ந்தவன், நான் சொல்வதைக் கேள். கதாநாயகி வாசலில் செருப்பைக் கழற்றுகிற ஷாட்டை வளசரவாக்கத்தில் ஒரு வீட்டில் எடுப்பார்கள். மாமியாரின் கால்ஷீட் கிடைத்த பிறகுதான், பத்து நாள் கழித்து, அவள் உள்ளே வந்து நிற்பதை எடுப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது ஒரே மூச்சில் நடக்கிற காரியம். ஒருமுறை அப்படி ஒரு காட்சி என் மேஜைக்கு வந்தது. வாசலில் தாலிச்சரடு புடவைக்கு வெளியே கிடக்கிறது, உள்ளே வந்ததும் காணோம். கதையில் கணவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அந்த நேரத்தில் தாலி இல்லாத கழுத்தைக் காட்டினால் என்ன அர்த்தமாகும் என்று உனக்கே தெரியும். மாமியாரின் ரியாக்‌ஷனை மூன்று தடவை போட்டு ஒப்பேற்றினேன். அன்று செட்டில் நோட்டோடு நின்ற பிள்ளை ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

1975-லிருந்து சென்னையில் தமிழுக்கு தூர்தர்ஷன் மட்டும்தான் இருந்தது. 1993-ல் சன் டிவி வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு வெளியில் வேலை பிறந்தது. மறுவருஷம் வடபழனியில் ஓர் எடிட் ரூமில் சேர்ந்தேன். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிகிற காலம் அது. இரண்டு பிளேயர், ஒரு ரெக்கார்டர். நடுவில் ஒரு ஷாட்டை நான்கு விநாடி நீட்டினால், அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் மறுபடி பதிய வேண்டும். அதனால் பொத்தானை அமுக்குவதற்கு முன்பே மனசுக்குள் வெட்டிப் பார்த்துவிடுவோம். உங்களுக்கு இப்போது அந்தக் கஷ்டம் இல்லை, நல்லதுதான். ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் உனக்கு வரவேண்டும். ஷூட்டிங் இல்லாத நாளில் எடிட்டரிடம் கேட்டு ஓரமாக உட்கார். எந்த ஷாட் இல்லையென்று அவர் தவிக்கிறார் என்று பார். டைரக்‌ஷனை அங்கே கற்றுக்கொள்கிற அளவுக்கு மானிட்டர் பின்னால் நின்று கற்றுக்கொள்ள முடியாது.

இன்னொன்று, இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. சேர்ந்த இரண்டாவது வருஷம், படம்பிடித்து வந்த பீட்டாகேம் கேசட் ஒன்றின் மேல் நானே வேறொன்றைப் பதிந்துவிட்டேன். கேசட்டின் அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அமுக்கிவிட்டால் மேல்பதிவு ஆகாது. நான் அமுக்கவில்லை, லேபிளும் எழுதவில்லை. முப்பது நிமிஷக் கேசட். அதில் நடித்த நடிகை கால்ஷீட் முடிந்து முதல்நாள்தான் ஊருக்குப் போயிருந்தார். டைரக்டர் என்னைத் திட்டவே இல்லை. நடிகையைத் திரும்ப வரவழைத்து, ஒரு நாள் முழுக்க அத்தனை பேரும் அதே வேலையை மறுபடி செய்தார்கள். லைட்மேன்கள் ஏணியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்கு இப்போது கேசட் கிடையாது, மெமரி கார்டு. யார் அவசரப்படுத்தினாலும், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏறியிருக்கிறதா, திறந்தால் ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்காமல் ஃபார்மட் செய்யாதே.

பிராம்ப்டிங் கொடுக்க, அதாவது நடிக்கிறவர்களுக்கு வசனத்தை எடுத்துக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்றும் அலுத்துக்கொண்டாய். உங்கள் சீரியலில் நடிக்கிற பெண் கர்நாடகத்திலிருந்து வந்து, புரியாத மொழியில் அழுது நடிக்கிறாள். நீ எடுத்துக்கொடுக்கிற வேகத்தில்தான் அவள் மூச்சு விடுகிறாள். வசனத்தை ஒப்பிக்காதே, அர்த்தம் சொல்லிக்கொடு. நடிகர்களிடம் வேலை வாங்குவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை டிஆர்பி வருகிறது, சரியில்லையென்றால் ஓடுகிற சீரியல் திடீரென்று முடிந்துவிடும். 2020 மார்ச்சில் ஷூட்டிங் நின்றபோது, தினம் வாங்குகிற பேட்டாவை நம்பியிருந்த நண்பர்கள் எனக்குப் போன் செய்தார்கள். அவர்கள் பேசியது எனக்கு மறக்காது. ஆறு மாத வாடகையைத் தனியாகப் போட்டு வை. நைட் ஷூட் என்றால் திரும்பி வர வண்டி உண்டா என்று முதலிலேயே மேனேஜரிடம் கேட்டுவிடு. அப்படிக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நீ டைரக்டர் ஆவாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கல்யாண வீட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, "பாட்டி அழுதாங்களே, அதை ஏன் எடுக்கல?" என்று கேட்டவள் நீ.

மாமா வெள்ளிக்கிழமை சென்னைக்கு வருகிறார். என் பழைய ஸ்டாப்வாட்சைக் கொடுத்தனுப்புகிறேன். சீன் பேப்பர் கைக்கு வந்ததும், வாய்விட்டு வாசித்து எவ்வளவு நேரம் வருகிறது என்று நோட்டின் ஓரத்தில் எழுது. எடிட்டில் அந்த சீன் எவ்வளவு நேரம் வந்ததோ, அதையும் பக்கத்தில் எழுது. முதல் வாரக் கணக்கைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா